என் பக்கத்துப் பிரேக்

வாக்குமூலம் அளிப்பவர் முப்பத்தொன்பது வயதுப் பெண். தொழில், கார் ஓட்டப் பயிற்சி கொடுத்தல். பெயர், தந்தை பெயர், கதவு எண் ஆகியவை முகப்புத் தாளில் உள்ளபடி. தற்போது அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருப்பவர். விசாரணை அதிகாரி முன்பாகக் காலை பத்தேகால் மணிக்கு, அக்கா உடனிருக்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் இரண்டு வருடம் நான்கு மாதமாக வசித்து வருகிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் என் கணவருடன் வசித்தேன். எட்டு மாதம் முன்பு இருவர் சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆனது. குழந்தைகள் இல்லை. அவர் ஆய்வுக்கூடக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறார். அவர்தான் என் மேல் இந்தப் புகாரைக் கொடுத்திருக்கிறார். நான் அவரைப் பழிவாங்கும் எண்ணத்தோடு பயிற்சி என்று சொல்லி வரவழைத்து, வேண்டுமென்றே பிரேக்கை மிதித்து, மூக்கெலும்பும் காறையெலும்பும் உடைய, முன்பல் இரண்டு விழக் காரணமானேன் என்பது புகார். அதை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசித்தேன்.

அவர் என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சத்தம் போட்டுப் பேசியதும் இல்லை. திருமணமான இரண்டாவது வருடத்திலிருந்து என் ஞாபகம் சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். கேஸ் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். நான் மூடிய அடுப்பு திறந்திருக்கும். சாவியைக் குளியலறையில் போட்டிருக்கிறாய் என்பார். அங்கே இருக்கும். விருந்தினர் முன்னால், "இவளை நம்பி வீட்டை விட்டுட்டுப் போறதும் ஒண்ணுதான், திறந்து போட்டுட்டுப் போறதும் ஒண்ணுதான்" என்று சிரித்தபடி சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதன் பிறகு அடுப்பை மூன்று தடவை, கதவை நான்கு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். பார்த்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் எழுந்து போவேன்.

அவர் நன்றாகக் கார் ஓட்டுவார். வெளியூர் போகும்போது சாலை காலியாக இருந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மார்பில் கட்டிக்கொள்வார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நான் அலறிக் கும்பிடும் வரை எண்ணுவார். கும்பிட்டதும் கையை வைத்துவிட்டு, "சும்மா விளையாட்டுக்கு. இதுக்குப் போய் இப்படி அழுவாங்களா?" என்பார். நான் ஒரு தடவையும் பத்தைத் தாண்ட விட்டதில்லை.

அவர் வீட்டை விட்டு நான் வந்த காரணம் கேட்டீர்கள். ஒரு பல் வைத்தியரிடம் போயிருந்தேன். அங்கே படிவம் நிரப்பும் பெண் என் வயதைக் கேட்டார். முப்பத்தாறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கைபேசியை எடுத்து என் கணவரை அழைத்து, என் வயது முப்பத்தாறுதானே என்று கேட்டேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டார். பல்லைக் காட்டாமலே வெளியே வந்து, பேருந்து ஏறி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா, "மாடி ரூம்ல ஃபேன் சத்தம் போடும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு ஐந்து மாதம் நான் வெளியே போகவில்லை. அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் தன் நண்பரிடம் சொல்லி, அங்கே தொலைபேசி எடுத்து வகுப்பு நேரம் குறிக்கும் வேலையில் என்னைச் சேர்த்தார். அங்கிருந்த பெண் பயிற்சியாளர் பிரசவத்துக்குப் போனவர் திரும்பவில்லை. பெண்களாக அழைத்து, சொல்லித்தரப் பெண் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் முதலாளி, "நீங்களே சொல்லிக் கொடுங்களேன்" என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றேன். "தெரியாதுன்னா என்ன, இது டிரைவிங் ஸ்கூல்தானே? கத்துக்க வேற எங்கேயாவது தேடிப் போகப் போறீங்களா?" என்றார். அவர் கிண்டலுக்குச் சொன்னார் என்றே நினைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தார்.

உரிமத் தேர்வில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை தேறினேன். அதன் பிறகு பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கினேன். அதன் நகலை இணைத்துள்ளேன். இதுவரை நாற்பத்தோரு பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதலில் வந்தது ஒரு தையல்காரம்மா. தையல் மெஷினை மிதித்துப் பழகிய பழக்கத்தில் இரண்டு காலையும் சேர்த்து ஆக்சிலேட்டரில் வைத்து விடுவார். இருவரும் சேர்ந்து ஒரு குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனோம். என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்த பிறகு, அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை டீச்சர், உங்க பக்கமும் ஒண்ணு வச்சிருக்காங்க" என்றார். நான் சிரித்தேன். அடுத்தவர் சிரிக்கிறாரா என்று பார்க்காமல் நான் சிரித்தது அன்றுதான். தையல்காரம்மா இப்போது தானே ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார்.

பயிற்சி வண்டி பற்றிக் கேட்டீர்கள். அதில் ஓட்டுபவர் பக்கம் இருப்பது போலவே என் பக்கத்திலும் பிரேக்கும் கிளட்சும் உண்டு. ஆக்சிலேட்டர் கிடையாது. எனக்கென்று தனியாக ஒரு சிறிய பின்பார்வைக் கண்ணாடியும் உண்டு. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓடிய தூரம், இருக்கை எந்தக் கட்டத்தில் உள்ளது, கண்ணாடிகள் சரியா, கதவுகள் பூட்டியாயிற்றா, நேரம், கையெழுத்து. மற்ற பயிற்சியாளர்கள் வாரக் கடைசியில் மொத்தமாக எழுதுவார்கள். நான் வண்டியை விட்டு இறங்குமுன் எழுதுவேன். என் ஞாபகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால் அப்படிச் செய்தேன்.

சுமார் ஏழு வாரம் முன்பு, மதிய உணவுக்குப் பிறகு வண்டியில் ஏறியபோது என் பக்கத்துக் கண்ணாடி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. நான்தான் தட்டிவிட்டிருப்பேன் என்று நினைத்துச் சரிசெய்தேன். இரண்டு நாள் கழித்து ஓட்டுநர் இருக்கை முழுவதும் பின்னால் தள்ளியிருந்தது. அதற்கடுத்த வாரம் பூட்டிய வண்டி திறந்திருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழையபடி மாடிக் கதவை நான்கு தடவை போய்ப் பார்த்தேன். எனக்குத்தான் மறுபடியும் அந்த நோய் வந்துவிட்டது, இனி யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, யாரையாவது கொன்றுவிடுவேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா, "நீ தினம் எழுதுற நோட்டு என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளும் என் கையெழுத்தில் எழுதியிருந்தது. கண்ணாடி சரி. இருக்கை நான்காம் கட்டம். நான்கு கதவும் பூட்டியாயிற்று. பென்சிலில் அல்ல, பேனாவில். நின்றபடியே பலமுறை வாசித்தேன். மறந்தது நான் இல்லை என்று தெரிந்ததும் சந்தோஷம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு வந்தது பயம். நான் இல்லையென்றால் வேறு ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். அது யார் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய வீட்டில் அடுப்பைத் திறந்து வைத்தவர் யார் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

முதலாளியிடம் சொன்னேன். வண்டி மதியம் அலுவலகத்துக்குப் பின்னால் திறந்தவெளியில் நிற்கும். மாற்றுச்சாவிகள் வரவேற்பறைச் சுவரில் வரிசையாகத் தொங்கும். சில வாரம் முன்பு ஒருவர் விசாரிக்க வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக வரவேற்பறைப் பெண் சொன்னார். நன்றாகப் பேசினாராம், சிரிக்கச் சிரிக்கப் பேசினாராம். என் வண்டியின் மாற்றுச்சாவி ஆணியில் இல்லை. முதலாளி பூட்டை மாற்ற ஆள் சொன்னார். நான் அன்று மாலையே காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். கண்ணாடி திரும்பியிருந்ததற்கு என்ன வழக்குப் போடுவது என்று கேட்டார்கள். மனுவை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மனுவின் ரசீது என்னிடம் உள்ளது.

இனி சம்பவ நாளுக்கு வருகிறேன். புதன்கிழமை. முதல்நாள் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, உரிமம் இருக்கிறது ஆனால் ஓட்டப் பயமாக இருக்கிறது, பெண் பயிற்சியாளர் வேண்டும், தண்ணீர்த் தொட்டிச் சாலை முனையில் காத்திருப்பேன் என்று சொல்லி நேரம் குறித்திருந்தார். காலை பத்து நாற்பதுக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். யாரும் இல்லை. வழக்கம் போல ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி, என் பக்கம் மாறி உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, பதிவேட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். சாவி வண்டியில் இருந்தது. ஓட்டுநர் கதவு திறந்தது. நான் நிமிராமலே, "வாங்க, முதல்ல பெல்ட் போடுங்க" என்றேன். நாற்பத்தோரு பேரிடமும் அதைத்தான் முதலில் சொல்வேன். "டீச்சர் சொன்னா சரி" என்று சொன்ன குரல் அவருடையது.

அவர் பெல்ட் போடவில்லை. கதவுப் பூட்டை அழுத்தினார். அந்த வண்டியில் ஓட்டுநர் பக்கம் அழுத்திவிட்டால் என் கதவு உள்ளிருந்து திறக்காது. வண்டியைக் கிளப்பினார். நான் ஏன் அப்போதே பிரேக்கை மிதிக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். உண்மையைச் சொல்கிறேன். முடியவில்லை. பேனா மட்டும் கையில் இருந்தது, அதைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். முதல் சிக்னலில் வண்டி நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் எங்கள் பயிற்சிப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தள்ளி நிறுத்தினார். அவரைப் பார்த்து நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஓட்டினார். மிரர் பார்க்கட்டுமா டீச்சர், இண்டிகேட்டர் போடட்டுமா டீச்சர் என்று கேட்டார். புறவழிச்சாலையில் ஏறியதும் வேகத்தைக் கூட்டினார். நான் நிறுத்தச் சொன்னேன். "நீங்க இறங்கிடுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவர், "உன்னால ஒரு ஸ்டவ்வை ஒழுங்கா மூட முடியாது. உன்கிட்ட வண்டியைக் கொடுத்திருக்காங்க பாரு, அவங்களைச் சொல்லணும்" என்றார். "உன் பக்கம் பிரேக் இருக்குல்ல? மிதி பார்ப்போம். எப்ப மிதிக்கணும்னு உனக்குத் தெரியாது. பின்னாடி வர்றவன் ஏறிட்டுப் போயிடுவான்" என்றும் சொன்னார். அப்போது வேகம் எண்பதைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மார்பில் கட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

நான் அலறவில்லை. தைரியத்தால் அல்ல, அலற மூச்சு இல்லை. ஆனால் கண் தானாக என் கண்ணாடிக்குப் போனது. இத்தனை மாதம் எல்லோரிடமும், எது செய்தாலும் முதலில் பின்னால் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். பின்னால் ஒரு லாரி நெருக்கமாக வந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது சரி, அப்போது மிதித்தால் ஏறியிருக்கும். வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வண்டி நேரானது. இடது கையால் அபாய விளக்கைப் போட்டேன். லாரிக்காரர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்து, பின்தங்கி, பக்கத்துத் தடத்துக்கு மாறினார். எண்ணிக்கொண்டிருந்தவர் பதினொன்று என்று சொன்னபோது என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியிருந்தது. பின்னால் காலியானதும் கிளட்சை முழுதாக அழுத்தி, பிரேக்கைப் பாதி அழுத்தினேன். வேகம் இறங்கியது. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். கிளட்ச் என் காலில் இருந்ததால் எஞ்சின் அலறியதே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கமாக, தடுப்புச் சுவரை நோக்கி, ஒடித்தார். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் எனக்குத் தெரிந்தது. அவர் பெல்ட் போடவில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இருந்தது. பார்த்துப் பிரேக்கை முழுதாக மிதித்தேன்.

வண்டி சுவரைத் தொடாமல் நின்றது. அவர் ஸ்டியரிங்கில் மோதிப் பின்னால் சாய்ந்தார். முகமெல்லாம் ரத்தம். நான் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தேன். என் மேல்துணியை மடித்து அவர் மூக்கில் வைத்து அழுத்தினேன். ஆம்புலன்ஸுக்கு அழைத்து இடத்தைச் சொன்னேன். அந்த அழைப்பின் நேரம் கைபேசியில் உள்ளது. அவர் அந்த நிலையிலும் வாயைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தியா, உனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொன்னேன்ல?" என்றார். நான் மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் புகாரில் எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டது உண்மை. அது பதினோரு வருடப் பழக்கம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் மாலை அவருடைய தங்கை அக்கா வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அண்ணி, போன் பண்ணது நான்தான். உங்ககிட்ட அவர் மன்னிப்புக் கேட்கணுமாம், நேர்ல கூப்பிட்டா நீங்க வர மாட்டீங்கன்னு அண்ணன் சொன்னார். நான் நம்பிட்டேன்" என்று அழுதார். விவாகரத்துக்குப் பிறகும் என்னை அண்ணி என்று அழைப்பவர் அவர் ஒருவர்தான். இதைப் போலீசில் சொல்வாயா என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நேற்று இரவு அக்காவின் கைபேசிக்கு, சொல்கிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருக்கிறார்.

சம்பவத்துக்குப் பிறகு என் பயிற்சியாளர் சான்றிதழை விசாரணை முடியும் வரை வாங்கி வைத்திருக்கிறார்கள். என் முன்னாள் கணவர் வரும் வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டதிலிருந்து நான் மாடியில் தனியாகப் படுப்பதில்லை. அக்கா பிள்ளைகளோடு கீழே படுக்கிறேன். கதவை ஒரு தடவைதான் பூட்டுகிறேன். பூட்டிவிட்டேன் என்பது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் பயம் போகவில்லை. எனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனையும் எழுதி முடித்த பிறகு அதிகாரி எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் "பதற்றத்தில் பிரேக்கை முழுதாக மிதித்தேன்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, உங்க நல்லதுக்குத்தான் போட்டேன். பதட்டத்துல மிதிச்சுட்டேன்னு இருந்தா கேஸ் நிக்காது. தெரிஞ்சு மிதிச்சேன்னு நீங்களே சொன்னா அவங்க வக்கீல் அதைப் பிடிச்சுக்குவார்" என்றார். அக்காவும் என் தோளைத் தொட்டு, "விடேன்டி, ஒரு வார்த்தைதானே?" என்றாள்.

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு சொன்னது இது, இதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நான் பயந்தேன். அவர் வண்டியில் ஏறிய நேரத்திலிருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இந்த நேரம் வரை பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பின்னால் பார்த்தேன், லாரி ஒதுங்கும் வரை காத்திருந்தேன், முதலில் பாதி மிதித்தேன், அவர் சுவர்ப் பக்கம் ஒடித்த பிறகுதான் முழுதாக மிதித்தேன். மிதித்திருக்காவிட்டால் இருவரும் இருந்திருக்க மாட்டோம். அவர் உயிரோடு இருந்து புகார் கொடுத்திருப்பதும் அதனால்தான். பதற்றத்தில் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டால் வழக்கு முடியலாம். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறவள் என்று அவர் இத்தனை வருடம் சொன்னதை நானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அது பொய். பொய்யில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

"இது உங்களுக்கு எதிரா நிக்கும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார்.

மேலே உள்ளதை நானே ஒரு முறை வாசித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அனைத்தும் நடந்ததே, கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நான்காம் பக்கம் ஒன்பதாம் வரியில் "பதற்றத்தில்" என்ற சொல் என் வேண்டுகோளின் பேரில் அடிக்கப்பட்டு, "பார்த்து" என்று மாற்றி எழுதப்பட்டது. அடித்த இடத்திலும் என் கையெழுத்து உள்ளது.

(ஒப்பம்)